மணி அடிச்சா யார் வருவாங்க?

கேன்சர் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நோயாளியை ஆஸ்பத்திரியிலிருந்தே கவனித்துக்கொள்ளும் முறைகள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைச் சில வாரங்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். கையில் கட்டும் பட்டை, ப்ளூடூத் எடை மெஷின், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், தினமும் கேள்வி கேட்கும் ஆப், எல்லாம் போய்ச் சேரும் ஒரு டேஷ்போர்டு. படமாகப் போட்டுக் காட்டினால் ரொம்ப அழகாக இருக்கும். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் இந்த டேஷ்போர்டுகளைச் செய்து விற்கிறவர்கள் என் தொழில்காரர்கள். அவர்கள் சொல்வதை அதே தொழிலில் இருக்கும் ஒருத்தன் உரசிப் பார்ப்பது தப்பில்லை என்று தோணுச்சு.

என் முடிவை முதலிலேயே சொல்லிடறேன். இந்த ஆய்வுகளில் நோயாளிக்கு நல்லது செய்தது கருவி இல்லை. "எப்படி இருக்கீங்க?" என்று வேளை தவறாமல் கேட்டதும், பதில் மோசமாக வந்தால் ஏதாவது செய்ய அதிகாரமுள்ள ஒருத்தர் திரும்பக் கூப்பிட்டதும்தான். ஆனால் விளம்பரங்களில் முன்னால் நிற்பது கருவி. திரும்பக் கூப்பிட்டவர் ஒரு மூலையில் இருக்கிறார், சில இடங்களில் இல்லவே இல்லை.

வீட்டில்தான் கண்டம்

முதலில், வீட்டுக்கு வந்த பிறகு எதற்குக் கவனிக்கணும்? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துதானே அனுப்பினார்கள்?

பெருங்குடல் கேன்சர் ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம். கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். அந்தத் தையல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. கசிவு பெரும்பாலும் முதல் வாரத்தில், ஐந்தாம் நாள் ஏழாம் நாள் வாக்கில்தான் வெளியே தெரிய ஆரம்பிக்கும். இன்னொரு பக்கம், சீக்கிரம் நடக்க வைத்து, சீக்கிரம் சாப்பிட வைத்து, சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பும் முறை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அது நல்ல முறைதான். ஆனால் ஆபத்தான நாள் வார்டில் விழாமல் வீட்டில் விழ வாய்ப்பு உண்டு.

இன்னொரு உதாரணம் இலியோஸ்டமி. சிறுகுடலின் முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து ஒரு பை மாட்டுவார்கள். தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள வேண்டிய பெருங்குடல் வழியில் இல்லை. பையில் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டருக்கு மேல் இறங்க ஆரம்பித்தால் உடம்பு வறண்டு சிறுநீரகம் பாதிக்கப்படும், மறுபடி அட்மிஷன். ஆனால் ஆரம்பத்திலேயே சொன்னால் உப்புக்கரைசல், குடல் வேகத்தைக் குறைக்கும் லோபெரமைடு மாத்திரை, தேவைப்பட்டால் ஒரு ட்ரிப் என்று சமாளித்துவிட முடியும்.

இதற்கு என்ன கருவி வேணும்? கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக்கும் ஒரு நோட்டும். பையில் எவ்வளவு இறங்கியது என்று கைப்பட்டைக்குத் தெரியாது. நாடித்துடிப்பு ஏறுவதை அது காட்டலாம், ஆனால் பெரும்பாலும் உடம்பு வறண்ட பிறகுதான் காட்டும். அதே மாதிரி நுரையீரல் ஆபரேஷன் ஆனவருக்கு வலியால் இழுத்து இரும முடியாது. சளி தேங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மாத்திரை மலச்சிக்கல் கொடுக்கும். இதெல்லாம் நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் தெரியும்.

இரண்டு குழுவிலும் ஒரே கேள்வி

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த ஆய்வு 2011-இல் வந்தது. ஹூஸ்டனில் இருக்கும் எம்.டி. ஆண்டர்சன் கேன்சர் மையத்தில் சார்லஸ் கிளீலண்ட் குழுவினர் செய்தது. நெஞ்சைத் திறந்து நுரையீரல் ஆபரேஷன் செய்துகொண்ட 100 பேர். வீட்டுக்குப் போன பிறகு நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை ஒரு தானியங்கித் தொலைபேசி கூப்பிடும். ஆப் கிடையாது, பட்டை கிடையாது. வலி எத்தனை, மூச்சு வாங்குவது எத்தனை என்று எண்ணை அழுத்தினால் போதும்.

நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவில் வலி, தூக்கமின்மை, மனக்கலக்கம், மூச்சுத்திணறல், மலச்சிக்கல் இந்த ஐந்தில் எதுவாவது வரம்பைத் தாண்டினால் மருத்துவக் குழுவுக்கு மின்னஞ்சல் போகும். இன்னொரு குழுவுக்கும் அதே தொலைபேசி, அதே கேள்விகள், அதே எண்கள். ஆனால் மின்னஞ்சல் மட்டும் போகாது.

கவனிச்சுப் பாருங்க. இரண்டு குழுவிலும் அளவெடுப்பு ஒன்றுதான், டேட்டா ஒன்றுதான். வித்தியாசம், அந்த டேட்டா ஒரு மனிதரைப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது மட்டும். முடிவு: வரம்பு தாண்டிய நிகழ்வுகள் அலர்ட் போன குழுவில் 19 சதவீதம் குறைந்தன, போகாத குழுவில் 8 சதவீதம்.

இதைச் சின்ன ஆய்வு என்று குறை சொல்லலாம், சரிதான். ஒரே ஆஸ்பத்திரி, முழுசாக முடித்தவர்கள் 79 பேர். ஆனால் கேள்வியைப் பிரித்துக் கேட்ட விதத்தில் பின்னால் வந்த பல பெரிய ஆய்வுகளை விட இது தெளிவாக இருக்கிறது. சீனாவில் மூன்று ஆஸ்பத்திரிகளில் 166 நுரையீரல் கேன்சர் நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வும் இதே வழிதான். எண் வரம்பைத் தொட்டால் சர்ஜனுக்குச் செய்தி போகும். அங்கே செய்தி போன குழுவில் சிக்கல்கள் 21.5 சதவீதம் பேருக்கு, மற்றதில் 40.6 சதவீதம் பேருக்கு. பாதியாகக் குறைந்திருக்கிறது! இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். செய்தி வருகிற நோயாளி யார் என்று சர்ஜனுக்குத் தெரியும், ஆட்களும் குறைவு. அளவு அப்படியே நிற்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் போகிற திசை கிளீலண்ட் காட்டிய அதே திசை.

கிளீலண்ட் ஆய்வில் இன்னொன்று என்னை உறுத்துகிறது. அலர்ட் போகாத குழுவில் ஒருத்தர் ராத்திரி போனை எடுத்து வலிக்கு 9 என்று அழுத்தியிருப்பார். மெஷின் வாங்கி வைத்துக்கொண்டிருக்கும். ஆராய்ச்சிக்கு அப்படி ஒரு குழு இல்லாமல் முடியாது, புரிகிறது. ஆனால் ஆராய்ச்சிக்கு வெளியே, பார்க்க ஆள் வைக்காமல் ஒரு ஆப்பை மட்டும் கொடுத்து அனுப்பினால் அந்த நோயாளியும் இதே நிலையில்தான் இருக்கிறார். ஒரே வித்தியாசம், இவர் எந்த ஆய்விலும் இல்லை.

அதை விட மோசமான ஒன்றும் உண்டு. ஆப்பில் 9 போட்டவர் "சொல்லியாச்சு" என்று நம்புவார். ஆப் இல்லாவிட்டால் மகளையோ மருமகனையோ எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொல்லியிருப்பார். இப்போது பதிலுக்காகக் காத்திருப்பார். ஆள் இல்லாத கண்காணிப்பு, கண்காணிப்பே இல்லாததை விட ஆபத்து என்று நான் நினைப்பது இதனால்தான்.

கருவிகள் எல்லாம் கொடுத்துப் பார்த்தபோது

கருவிகளை முழுசாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் இருக்கிறது. கனடாவில் மைக்கேல் மெக்கிலியன் குழுவினர் கோவிட் காலத்தில் 8 ஆஸ்பத்திரிகளில் 905 பேரிடம் நடத்தியது, 2021-இல் பிஎம்ஜே இதழில் வெளியானது. கேன்சருக்கு மட்டுமான ஆய்வு இல்லை. தள்ளிப்போட முடியாத ஆபரேஷன் செய்துகொண்ட 40 வயது தாண்டியவர்கள். வீட்டுக்கு ஒரு டேப்லெட், ரத்த அழுத்தம், நாடி, மூச்சு, ஆக்சிஜன், காய்ச்சல், எடை எல்லாம் அளக்கும் கருவிகள், காயத்தைப் படம் எடுத்து அனுப்பும் வசதி. கூடவே நர்ஸ். முதல் 15 நாள் தினமும், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் திரையில் பேசுவார்.

முக்கிய அளவுகோல், 31 நாட்களில் எத்தனை நாள் உயிரோடு வீட்டில் இருந்தார் என்பது. கருவி கொடுத்த குழுவில் 29.7, கொடுக்காத குழுவில் 29.5. அதாவது வித்தியாசம் இல்லை. அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் 22 சதவீதம், மற்றதில் 27.3. இது குறைவு மாதிரி தெரிந்தாலும் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் விழுகிறது.

எதில் தெளிவான வித்தியாசம் வந்தது தெரியுமா? மாத்திரைத் தவறுகளைக் கண்டுபிடித்துத் திருத்தியதில். கவனித்த குழுவில் சுமார் 30 சதவீதம் பேரிடம் தவறு கண்டுபிடிக்கப்பட்டது, மற்றதில் 6 சதவீதம் கூட இல்லை. வலியும் குறைந்தது. இரண்டையும் எந்த சென்சாரும் செய்ய முடியாது. "அந்த வெள்ளை மாத்திரையை எப்பப்ப போடறீங்க? டப்பாவைக் காட்டுங்க" என்று ஒரு நர்ஸ் கேட்டால் வெளியே வரும் விஷயம் அது.

இன்னும் முக்கியமானது இது. நர்ஸ் தன் கைக்கு மீறியதை டாக்டரிடமோ வேறு நிபுணரிடமோ கொண்டுபோவது எந்த ஆஸ்பத்திரிகளில் அதிகமாக நடந்ததோ, அங்கேதான் பலன் அதிகம் தெரிந்தது. கருவி எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதற்குப் பின்னால் இருந்த ஏணி வேறு.

என் கட்சிக்கு ஒத்துவராத ஒரு ஆய்வையும் சொல்லணும், இல்லாவிட்டால் நானும் விளம்பரக்காரன்தான். இது கேன்சர் இல்லை, இதயச் செயலிழப்பு. ஆனால் முறை கிட்டத்தட்ட கிளீலண்டின் தொலைபேசி. அமெரிக்காவில் 1653 பேரிடம் நடந்து 2010-இல் வந்தது. நோயாளி தினமும் போன் செய்து எடையையும் அறிகுறிகளையும் தானியங்கிக் குரலுக்குச் சொல்லணும், வேலை நாட்களில் ஆஸ்பத்திரி தரப்பில் பார்ப்பார்கள். ஆறு மாதத்தில் மறு அட்மிஷனோ இறப்போ கண்காணித்த குழுவில் 52.3 சதவீதம், மற்றதில் 51.5. பலன் பூஜ்யம். இங்கே பார்க்க ஆள் இருந்தும் பலிக்கவில்லை. ஆள் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இது சாட்சி.

ஆனால் இன்னொரு எண்ணும் அதே கட்டுரையில் இருக்கிறது. 14 சதவீதம் பேர் ஒரு தடவை கூட அந்த எண்ணைக் கூப்பிடவில்லை. கடைசி வாரத்தில் வாரம் மூன்று முறையாவது கூப்பிட்டவர்கள் 55 சதவீதம்தான். ஆறு மாதம் தினமும் ஒரு மெஷினுக்கு ஒப்பிக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? ஆபரேஷனுக்குப் பிந்தைய கவனிப்புக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. இரண்டு மூன்று வாரமோ ஒரு மாதமோ போதும். நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கின் ஒரு நாள் ஆபரேஷன் மையம் கேள்வி கேட்பதைப் பத்தே நாளில் நிறுத்திக்கொள்கிறது. அட்மிஷன் தேவைப்படாமலே அவசரப் பிரிவுக்கு ஓடிவருவது அங்கே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததாகச் சொல்கிறார்கள். குலுக்கல் முறை ஆய்வு இல்லை என்பதால் அடக்கியே வாசிக்கணும். ஆனாலும் நம்பும்படி இருக்கிறது. "இது சாதாரணம்தான், பயப்படாதீங்க" என்று சொல்ல ஆள் இருந்தால் பாதி ஓட்டம் நின்றுவிடும்.

அலர்ட் கணக்கு

இப்போ எனக்குத் தெரிந்த இடத்துக்கு வர்றேன். சென்சார் அடிக்கும் அலர்ட்டில் எத்தனை உண்மையாக இருக்கும்? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம்.

100 பேர் வீட்டுக்குப் போகிறார்கள், 14 நாள் கவனிக்கிறோம். 5 பேருக்குப் பெரிய சிக்கல் வரப்போகிறது. நம் கருவி ரொம்ப நல்ல கருவி, அதில் 4 பேரைப் பிடித்துவிடும். சிக்கல் இல்லாத நாட்களில் 5 சதவீதம் மட்டும் பொய் அலர்ட். மொத்தம் 1400 நாள், அதனால் பொய் அலர்ட் சுமார் 70. உண்மை 4. நர்ஸ் பதினெட்டு தடவை போன் எடுத்தால் ஒன்றுதான் நிஜம். கையைப் பட்டை இறுக்கியது, மாடிப்படி ஏறினது, ஆக்சிமீட்டர் விரலில் சரியாக உட்காராதது, மீதி எல்லாம் இந்த வகை. மூன்றாவது வாரத்தில் அந்த நர்ஸ் அலர்ட்டை எப்படிப் பார்ப்பார்?

எனக்குத் தெரியும், ஏன்னா நானே அப்படிப் பார்த்திருக்கேன். ஆன்-கால் டியூட்டியில் ராத்திரி நாலு தடவை எழுப்பி நாலும் பொய் என்றால், ஐந்தாவதைத் தூக்கத்திலேயே தள்ளிவிட்டுப் படுத்துவிடுவோம். பழைய கம்பெனி ஒன்றில் டிஸ்க் நிரம்பப்போகிறது என்று மூன்று வாரமாக அலர்ட் போய்க்கொண்டிருந்தது. வேலையை விட்டுப் போன ஒருத்தருடைய மெயில் பெட்டிக்கு. சிஸ்டம் தன் கடமையைச் சரியாகச் செய்தது, சர்வர் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு விதி வந்தது. எந்த அலர்ட் போட்டாலும் யார் எடுக்கணும், என்ன செய்யணும், எத்தனை நிமிஷத்துக்குள், அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று நாலையும் எழுதாமல் போடக்கூடாது.

ஒரு சர்வருக்கே இந்த மரியாதை. குடல் தைத்து வீட்டில் படுத்திருப்பவருக்கு இதை விடக் குறைவாகக் கொடுக்கலாமா?

26-க்கு 31.2

இந்த வியாபாரத்தில் அடிக்கடி காட்டப்படும் ஒரு எண் இருக்கிறது. ஈத்தன் பாஷ் குழுவினர் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் 766 பேரிடம் நடத்தி 2017-இல் ஜாமாவில் வெளியிட்ட ஆய்வு. அறிகுறிகளைக் கணினி வழியே தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். ஒரு கேள்வித்தாள் ஐந்து மாத ஆயுளைக் கூட்டியது! யாருக்குத்தான் ஆசை வராது?

இந்த எண்ணை ஆபரேஷன் நோயாளிகளுக்கான ஆப்பின் விளம்பரத்தில் பார்த்தால் இரண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க. ஒன்று, அவர்கள் ஆபரேஷன் முடிந்து குணமாகிறவர்கள் இல்லை. நோய் வேறு உறுப்புக்குப் பரவி கீமோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அது வேறு வழி, வேறு ஆபத்து. இரண்டு, நர்ஸ்கள் அந்த அலர்ட்டுகளில் 77 சதவீதத்துக்கு ஏதாவது ஒரு நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள். நாலில் மூன்றுக்கு மேல். விளம்பரத்தில் 31.2 இருக்கும், இந்த 77 இருக்காது.

அதே பாஷ் பிறகு 52 சாதாரண கேன்சர் கிளினிக்குகளில் 1191 பேரிடம் மறுபடி செய்து பார்த்தார். நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, முதல் தடவை அவசரப் பிரிவுக்குப் போவது தள்ளிப்போனது. ஆனால் 2025-இல் வந்த இறுதி முடிவில் ஆயுளில் வித்தியாசம் இல்லை. அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். கஷ்டம் குறைவதே பெரிய விஷயம். ஆனால் முதல் எண்ணை மட்டும் காட்டி இரண்டாவதை மறைப்பது நேர்மை இல்லை.

கேட்க வேண்டிய நாலு கேள்வி

அப்போ இந்த முறையே வேண்டாமா? வேணும், கண்டிப்பா வேணும். நோயாளிகள் தாங்களாகச் சொல்லத் தயங்குவார்கள். "டாக்டருக்கு ஆயிரம் வேலை, இதுக்குப் போய்த் தொந்தரவு பண்ணணுமா" என்ற தயக்கம் எந்த ஊரிலும் உண்டு. நாமே முன்னால் போய்க் கேட்டால் அந்தத் தயக்கம் உடைகிறது. இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான கண்டுபிடிப்பு அதுதான். முறைப்பாடு செய்ய அனுமதி கேட்கத் தேவையில்லாமல் செய்தது. அதற்குத் தானியங்கித் தொலைபேசியே போதுமாக இருந்தது.

யாராவது உங்க வீட்டு நோயாளி கையில் ஆப்பையோ பட்டையையோ கொடுத்து அனுப்பினால், வாங்கிக்குங்க. வாங்கும்போதே இந்த நாலையும் கேட்டுடுங்க. இதை யார் பார்க்கிறாங்க, அவர் பெயர் என்ன? ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறாங்களா? எத்தனை மணி நேரத்துக்குள் திரும்பக் கூப்பிடுவாங்க? கூப்பிடாவிட்டால் நாங்க எந்த நம்பருக்குப் போன் போடணும்?

நாலுக்கும் பதில் வந்தால் அது கண்காணிப்பு. வராவிட்டால் அது ஒரு டைரி. டைரியும் நல்லதுதான், எழுதுங்க. ஆனால் ஆப்பில் 9 போட்டுவிட்டுப் படுத்துடாதீங்க. போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்க.